சீட்டைத் திருப்பும் முன்

அம்பத்தூரில் ஓர் இல்லத்தை நினைத்துக்கொள்ளலாம். பேத்திக்குத் திருமணம் பேசி முடித்தாயிற்று. நிச்சயதார்த்தத்துக்குப் பத்து நாள்களே உள்ளன. மனத்தில் எழுந்த ஒரு சிறு தயக்கத்தைத் தீர்த்துக்கொள்ள, அவள் கைபேசி வழியே டாரட் சீட்டு பார்ப்பவர் ஒருவரை நாடுகிறாள். கவிழ்த்து வைத்த சீட்டுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். திருப்பினால், வெள்ளைக் குதிரையின்மேல் கவசம் அணிந்த எலும்புக்கூடு. 'மரணம்' என்பது அந்தச் சீட்டின் பெயர். பெருந்தோஷம் இருப்பதாகவும், அதைக் கழிக்க ஐயாயிரம் ரூபாய் உடனே அனுப்ப வேண்டும் என்றும் மறுமுனையில் இருப்பவர் கூறுகிறார். இரவெல்லாம் உறங்காத பெண், விடியற்காலையில் பாட்டியின் அருகில் வந்து அமர்கிறாள்.

"பாட்டி, இந்தக் கல்யாணம் வேண்டாமோ என்று பயமாக இருக்கிறது."

ஆவடியிலும் பூந்தமல்லியிலும் எந்த வீட்டிலும் இன்று நேரக்கூடிய காட்சிதான் இது. 'இதெல்லாம் மூடநம்பிக்கை' என்று அதட்டிவிடுவது எளிது. அதனால் அவள் வாய் அடங்கலாம், அச்சம் அடங்காது. அந்தச் சீட்டு எங்கிருந்து வந்தது, அதிலுள்ள படம் எதைக் குறிக்கிறது, மனம் கலங்கிய வேளையில் நம் முன்னோர் யாரிடம் எப்படிக் கேட்டார்கள் என்பவற்றை வீட்டுப் பெரியவர்கள் அறிந்திருந்தால், அவளைப் பக்கத்தில் அமர்த்திப் பொறுமையாக எடுத்துச் சொல்லலாம்.

வருவதை அறியும் ஆசை இன்று தோன்றியதன்று. சங்க நூலாகிய முல்லைப்பாட்டில் ஓர் அழகிய காட்சி உண்டு. போருக்குச் சென்ற தலைவன் திரும்புவானா என்று தலைவி வருந்தியிருக்கிறாள். முதுபெண்டிர் ஊர்ப்புறம் சென்று, நெல்லும் முல்லை மலரும் தூவித் தெய்வத்தைத் தொழுது, நற்சொல்லுக்காகக் காத்து நிற்கிறார்கள். அப்போது இடையர்குலப் பெண் ஒருத்தி, பசியால் வாடும் கன்றைப் பார்த்து, அதன் தாய் விரைவில் வந்துவிடும் என்று ஆறுதல் கூறுகிறாள். தற்செயலாகக் காதில் விழுந்த அந்தச் சொல்லையே நல்ல நிமித்தமாகக் கொள்கிறார்கள். இதற்கு விரிச்சி கேட்டல் என்று பெயர். முறத்தில் நெல்லைப் பரப்பி எண்ணிக் குறி சொல்லும் கட்டுவிச்சியையும், கழற்சிக்காயை உருட்டிப் பார்க்கும் வேலனையும் பழைய இலக்கியங்கள் காட்டுகின்றன.

திருவேற்காடு தல வரலாறும் குறியோடு தொடர்புடையது. கருமாரி அன்னை குறி சொல்லும் பெண்ணாக உருமாறிச் சூரிய பகவானிடம் சென்றாள் என்றும், அவளை மதியாமல் இருந்த சூரியன் தன் ஒளியை இழந்து, பின்னர் பிழை உணர்ந்து பணிந்தான் என்றும் அது கூறும். கோயில் வாசலில் கிளிக்கூண்டோடு அமர்ந்திருந்த கிளி ஜோசியரையும் முதியவர்கள் பலர் மறந்திருக்க மாட்டார்கள். கூண்டுக்குள்ளிருந்து நடந்து வரும் கிளி, உறைகளை அலகால் ஒவ்வொன்றாகத் தள்ளி, ஒன்றை எடுத்துக் கொடுக்கும். அதில் முருகனோ திருமகளோ இருப்பார்கள். படத்துக்கு ஏற்ப ஜோசியர் பலன் சொல்வார். பச்சைக்கிளியைக் கூண்டில் அடைத்து வைத்தல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதால் அந்தக் காட்சி இன்று அரிதாகிவிட்டது. கிளி இருந்த இடத்தில் இப்போது கைபேசி இருக்கிறது.

அந்தக் கைபேசியில் வரும் டாரட் சீட்டு தோன்றிய இடம் இத்தாலி நாடு. பதினைந்தாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மிலான், பெராரா முதலிய வட இத்தாலிய நகரங்களின் பிரபுக்கள் பொழுதுபோக்காக ஆடிய சீட்டாட்டம் அது. கிண்ணம், வாள், கோல், நாணயம் என்னும் நான்கு இனங்களில் 56 சீட்டுகளும், அவற்றை வெல்லும் 22 படச்சீட்டுகளும் சேர்ந்து மொத்தம் 78. அவர்கள் அதை ஆடினார்கள், வென்றார்கள், தோற்றார்கள். அதில் எதிர்காலம் இருப்பதாக அவர்கள் நூல் எழுதவில்லை.

ஏறக்குறைய 340 ஆண்டுகள் கழித்து, 1781-ஆம் ஆண்டில், கூர் தெ ஜெப்லான் என்னும் பிரெஞ்சு அறிஞர் இச்சீட்டுகள் பண்டைய எகிப்து ஞானிகளின் மறைநூல் என்று எழுதினார். எகிப்தியச் சித்திர எழுத்தைப் படிக்க வல்லவர் அப்போது உலகில் ஒருவரும் இல்லை; சாம்போலியன் அதைப் படித்தறிந்தது 1822-இல்தான். எனினும் அந்தக் கற்பனை பரவியது. சில ஆண்டுகளுக்குள், தம் பெயரைப் பின்னிருந்து முன்னாகத் திருப்பி 'எத்தெய்யா' என்று வைத்துக்கொண்ட பாரிஸ் நகரத்தார் ஒருவர், பலன் பார்ப்பதற்கென்றே தனிச் சீட்டுக்கட்டு வெளியிட்டார். இன்று மிகுதியாகப் புழங்கும் கட்டு 1909-ஆம் ஆண்டு லண்டனில் வெளிவந்தது. ஆர்தர் எட்வர்ட் வெயிட் என்பவர் வகுத்துத் தர, பமேலா கோல்மன் ஸ்மித் என்னும் பெண் ஓவியர் படங்களை வரைந்தார்.

நம் நாட்டிலும் படச்சீட்டு இருந்தது. கஞ்சீபா எனப்படும் அந்த வட்டச் சீட்டுகளில் தசாவதாரக் கட்டு புகழ்பெற்றது. அவதாரத்துக்குப் பன்னிரண்டாக 120 சீட்டுகள். மைசூர் மன்னர் மும்மடி கிருஷ்ணராஜ உடையார் இவ்வகையில் பல புதிய ஆட்டங்களையே அமைத்தார். மச்சம், கூர்மம் என்று எம்பெருமானின் திருநாமங்களைச் சொல்லிக்கொண்டே ஆடும் ஆட்டம் அது.

இனிப் பேத்தியை அச்சுறுத்திய படத்துக்கு வரலாம். 1909-ஆம் ஆண்டுக் கட்டில் அது பதின்மூன்றாம் சீட்டு. குதிரையின் காலடியில் முடியிழந்த மன்னன் வீழ்ந்து கிடக்கிறான். சமயகுரு ஒருவர் நிற்கிறார். ஓர் இளம்பெண்ணும் குழந்தையும் மண்டியிட்டிருக்கிறார்கள். எலும்புக்கூட்டின் கையிலுள்ள கறுப்புக் கொடியில் ஒரு வெண்மலர். தொலைவில், இரண்டு கோபுரங்களுக்கு இடையே கதிரவன் தெரிகிறான். அரசனுக்கும் ஆண்டிக்கும் முடிவு ஒன்றே, ஒன்று முடிந்த இடத்தில் மற்றொன்று தொடங்குகிறது என்பதே இப்படத்தின் கருத்து. சீட்டுக்கலையை முறையாகப் பயின்றவர்களும் இதைச் சாவின் அறிவிப்பாகக் கொள்வதில்லை. ஒரு நிலை முடிந்து மறுநிலை பிறப்பதாகவே உரைப்பார்கள். பிறந்த வீட்டுப் பருவம் முடிந்து இல்லறம் புகும் பெண்ணுக்கு அந்தப் படம் வந்தால் அஞ்சுவதற்கு என்ன இருக்கிறது? இந்தச் சீட்டுகளைத் தம் மனத்தைப் பார்க்கும் கண்ணாடியாகக் கொண்டு, படத்தைப் பார்த்துச் சிறிது நேரம் சிந்தித்து எழுந்துவிடுவோர் வெளிநாடுகளில் பலர் உண்டு. அந்த அளவில் அதனால் தீங்கில்லை. அச்சத்தை ஊட்டிப் பணம் கேட்கும்போதுதான் தீங்கு தொடங்குகிறது.

நம் சைவ மரபில் இதனினும் மேலான ஒரு வழக்கம் இருந்தது. திருமுறையில் கயிறு சாற்றிப் பார்த்தல் என்று அதற்குப் பெயர். இறைவனை வணங்கி, திருமுறை ஏட்டுக்கட்டில் கயிற்றை நுழைத்து, அது நின்ற ஏட்டில் வரும் பாடலை இறைவனின் விடையாகக் கொள்வார்கள். மதுரையில் பாண்டியன் அவையில் அனல்வாதம் நிகழ்ந்தபோது, திருஞானசம்பந்தப் பெருமான் தம் திருமுறைக் கட்டை வணங்கி அவிழ்க்க, திருநள்ளாற்றுப் பதிகம் எழுதிய ஏடு கிடைத்தது. நெருப்பில் இட்ட அந்த ஏடு பசுமை மாறாமல் நின்றதால் அது பச்சைப் பதிகம் எனப் பெயர்பெற்றது.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் நிகழ்ந்ததாகக் கூறப்படும் மற்றொரு வரலாறு இன்னும் நெருக்கமானது. திருப்பெண்ணாகடத்தில் அச்சுதகளப்பாளர் என்னும் சிவபக்தர் வாழ்ந்தார். மகப்பேறு இல்லாத வருத்தத்தோடு தம் குலகுருவான சகலாகம பண்டிதரை அணுகினார். குரு திருமுறையில் கயிறு சாற்றினார். திருவெண்காட்டில் முக்குள நீராடி வழிபடுவோர் மகப்பேறு முதலிய நலன்களைப் பெறுவர் என்னும் சம்பந்தர் பாடல் வந்தது. கணவனும் மனைவியும் திருவெண்காடு சென்று, நாள்தோறும் நீராடி வழிபட்டுத் தங்கியிருந்தார்கள். ஒருநாள் இறைவன் கனவில் தோன்றி, இப்பிறவியில் அவருக்கு மகப்பேறு இல்லை என்றான். அச்சுதகளப்பாளர் கலங்கவில்லை. தாம் நம்பி வந்தது சம்பந்தரின் திருவாக்கை என்றும், அது பொய்க்காது என்றும் விண்ணப்பித்தார். அந்த உறுதிக்கு இறைவன் இரங்கினான். பிறந்த குழந்தைக்குச் சுவேதவனப் பெருமாள் என்று பெயரிட்டார்கள். அக்குழந்தையே பன்னிரண்டு சூத்திரங்களால் சிவஞானபோதம் அருளிய மெய்கண்டார். அன்று கயிறு சாற்றிய குருவோ பிற்காலத்தில் அவருக்கே சீடராகி, அருணந்தி சிவாசாரியார் எனப் போற்றப்பட்டார்.

கயிறு நின்ற அந்த ஏடு, 'உனக்குக் குழந்தை பிறக்கும்' என்றோ 'பிறக்காது' என்றோ குறி சொல்லவில்லை. செல்ல வேண்டிய இடத்தையும் செய்ய வேண்டிய வழிபாட்டையும் காட்டியது. அதன்படி நடந்தவருக்கு முன்வினையும் வழிவிட்டது. கேட்டவரை அஞ்சி முடங்க வைக்காமல், எழுந்து நடக்க வைத்த விடை அது.

இத்தகைய விடைக்குச் சான்று காண, அம்பத்தூர் அன்பர்கள் தொலைவு செல்ல வேண்டியதில்லை. பூந்தமல்லி, திருக்கச்சி நம்பிகள் அவதரித்த ஊர். அங்குள்ள வரதராஜப் பெருமாள் கோயிலில் அவருக்குத் தனிச் சந்நிதி உண்டு. காஞ்சி வரதனுக்கு ஆலவட்டம் வீசித் தொண்டு செய்த அவரோடு பெருமாள் நேரில் உரையாடுவார் என்பது வைணவ மரபு. இளமையில் இராமானுசர் மனத்தில் சில ஐயங்கள் எழுந்தபோது, அவற்றை இன்னவை என்று கூறாமலே, பெருமாளிடம் விடை கேட்டுத் தருமாறு நம்பிகளை வேண்டினார். அன்றிரவு கிடைத்த விடைகளே ஆறு வார்த்தைகள் எனப்படுபவை. தானே பரம்பொருள், உயிரும் இறைவனும் வேறு, சரணாகதியே உய்யும் வழி, அடியார்க்கு இறுதி நேர நினைவு கட்டாயமில்லை, உடல் நீங்கும்போது வீடுபேறு உண்டு, பெரிய நம்பியை ஆசாரியராகக் கொள்க.

இந்த ஆறில் எதிர்காலக் குறி ஒன்றுமில்லை. நோய் வருமா, பகைவர் யார், செல்வம் சேருமா என்பன பற்றி ஒரு சொல் கிடையாது. உண்மை எது, பற்றிக்கொள்ள வேண்டியது எது, அடுத்து யாரிடம் செல்ல வேண்டும் என்பவையே உள்ளன. இராமானுசரும் தாமதியாமல் புறப்பட்டார். மதுராந்தகத்தில் பெரிய நம்பியைச் சந்தித்து, அங்கேயே அவரிடம் உபதேசம் பெற்றார். நான்காம் வார்த்தை முதியவர்களுக்குப் பேராறுதல் தருவது. கடைசி நேரத்தில் நினைவு தப்பிவிடுமோ, இறைநாமம் சொல்ல இயலாமற் போய்விடுமோ என்ற கவலைக்கு அன்றே பூந்தமல்லி நம்பிகள் வாயிலாக வரதன் விடை தந்துவிட்டான். நினைவு தவறினாலும் அடியாரை அவன் தவற விடுவதில்லை.

ஒருவர் சொல்லும் பலனை உரைத்துப் பார்க்க இவ்வரலாறுகள் நல்ல உரைகல். கேட்டபின் மனம் தெளிந்து, ஒரு நற்செயலுக்கோ வழிபாட்டுக்கோ கால்கள் எழுந்தால் அந்தச் சொல்லை ஏற்கலாம். உறக்கம் கெட்டு, வீட்டாரிடம் மறைக்கத் தோன்றி, பணம் அனுப்பக் கை துடித்தால் விலக வேண்டும். 'இன்றே அனுப்பாவிட்டால் கேடு' என்று அவசரப்படுத்துவோர் எவராயினும் அவருக்கு ஒரு ரூபாயும் அனுப்பலாகாது. வங்கிக் கணக்கு விவரங்களையோ கைபேசிக்கு வரும் இரகசிய எண்ணையோ கூறவும் கூடாது. அனுப்பிவிட்டிருந்தால் வெட்கப்பட்டு மறைக்காமல், உடனே வங்கிக்குத் தெரிவித்து, 1930 என்ற எண்ணில் புகார் செய்யலாம்.

இனி அந்தப் பாட்டி பேத்தியிடம் என்ன சொல்லலாம்? அதட்டாமல், முதலில் அவள் சொல்வதை முழுவதும் கேட்கலாம். அவளுடைய தயக்கம் சீட்டில் பிறந்ததன்று. அதற்கு முன்பே மனத்தில் இருந்தது. "மாப்பிள்ளையைப் பற்றி உனக்கு என்ன குழப்பம், கண்ணே? என்னிடம் சொல்" என்று கேட்டால், வேலையை விடச் சொல்வார்களோ என்பது போன்ற ஏதோ ஒரு நியாயமான கவலை வெளியே வரும். அதைப் பெரியவர்கள் இரு வீட்டாரிடமும் நிச்சயதார்த்தத்துக்கு முன்பே பேசித் தெளிந்துகொள்ளலாம். தீராத குறை இருப்பதாகத் தெரிந்தால் நிறுத்திவிடவும் தயங்க வேண்டியதில்லை. ஆனால் அதை முடிவு செய்வது சீட்டாக இருக்கலாகாது.

பின்னர் ஒரு மாலையில் அவளை அழைத்துக்கொண்டு, அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையிலுள்ள திருமுல்லைவாயில் சென்று மாசிலாமணீசுவரரை வணங்கி வரலாம். சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறியதால் திருவொற்றியூரில் கண்ணொளி இழந்த சுந்தரர், தட்டுத்தடுமாறி வந்து தம் துயர் களையுமாறு பாடி நின்ற தலம் அது. அங்கே அவருக்குப் பார்வை திரும்பவில்லை. அவர் மேலும் நடந்தார். திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் கிடைத்தது. காஞ்சியில் ஒரு கண்ணும் திருவாரூரில் மறு கண்ணும் ஒளிபெற்றன. முன்னே என்ன இருக்கிறது என்று காண இயலாத நிலையிலும் அவர் பாட்டையும் நடையையும் நிறுத்தவில்லை.

அந்தச் சந்நிதியில் பாட்டியும் பேத்தியும் கைகூப்பி நிற்கும் சிறு பொழுதில், சீட்டில் கண்ட குதிரை நினைவுக்கு வந்தாலும் அதன் குளம்பொலி முன்போல் அச்சுறுத்தாது.