இரண்டு வாரம் போதாது

தீவனச் சேர்க்கையை நிறுத்தி இரண்டு வாரம் விட்டால் செம்மறியின் அசையூண் வயிறு பழைய நிலைக்கு வந்துவிடுமாம். அதே ஆட்டில் அடுத்த சேர்க்கையைச் சோதிக்கலாமாம். சேர்க்கை உடலைவிட்டு வெளியேறும், சரி. அது அழித்த நுண்ணுயிர்கள்?

வயிற்றுச் சாற்றின் ஒரு மில்லிலிட்டரில் லட்சக்கணக்கில் நீந்தும் புரோட்டோசோவாக்கள் எச்சில் வழியாகத்தான் ஆட்டுக்கு ஆடு தொற்றுகின்றன. ஒன்றுகூட மிஞ்சாமல் அழித்த ஆட்டைத் தனிக் கொட்டிலில் கட்டுங்கள். மாதக்கணக்கானாலும் அவை திரும்பா. அவை உள்ள இன்னொரு ஆட்டோடு ஒரே தொட்டியில் தண்ணீர் குடித்தால் மறுபடி பெருகிவிடும். நாள்கணக்கு இங்கே எதைச் சொல்லும்?

அவை இல்லாத வயிற்றில் அம்மோனியா குறையும். அந்தக் குறைவை இரண்டாவது சேர்க்கையின் பெயரில் எழுதுவது பெரும் பிழை. இடைவெளி முடியும் நாளில் ஒரு துளிச் சாற்றை நுண்ணோக்கியில் வைத்து அவற்றை எண்ணுங்கள். பிறகு தொடங்குங்கள்.