கடல் சும்மா கிடக்கிறதா?

அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரம். தரவு மையங்கள் நன்னீரைக் குடித்துத் தீர்க்கின்றன என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். எதிரே இருந்த நண்பர் சிரித்தார். "அதான் இவ்ளோ கடல் சும்மா கிடக்குதே, அந்தத் தண்ணிய எடுத்து சர்வரைக் குளிர வைக்க வேண்டியதுதானே?"

நான் எண்ணூர்ப் பக்கத்து மீனவக் குப்பத்தில் பிறந்தவள். அந்தச் 'சும்மா' தொண்டையில் மீன்முள்ளாகச் சிக்கிக்கொண்டது.

நண்பர் சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது. 2019 கோடையில் ஏரிகள் வற்றி, குடங்களோடு லாரிக்குக் காத்திருந்த ஊர் சென்னை. இங்கே சர்வரைக் குளிரவைக்க நன்னீரை ஆவியாக்குவது அநியாயம்தான். கடல்நீரால் குளிரவைக்க முடியும் என்பதும் உண்மை. பின்லாந்தின் ஹமினாவில் கூகுள் 2009இல் ஒரு பழைய காகித ஆலையை வாங்கியது. அந்த ஆலைக்காகக் கடலிலிருந்து வெட்டியிருந்த சுரங்கம் வழியாகவே 2011 முதல் கடல்நீரை எடுத்துவருகிறது. கடல்நீர் சர்வரைத் தொடுவதில்லை. தனிக்குழாயில் சுற்றும் நன்னீரின் வெப்பத்தை மட்டும் வாங்கிக்கொள்கிறது. பிறகு அதில் குளிர்ந்த கடல்நீரைக் கலந்து, சூட்டைத் தணித்தே திருப்பி விடுகிறார்கள். மிஞ்சும் வெப்பத்தை ஊருக்குள் கட்டடங்களைச் சூடாக்கத் தரப்போவதாக 2024இல் அறிவித்தார்கள்.

அது குளிர்நாடு. அங்கே வெப்பத்துக்கு விலை உண்டு. வங்கக்கடலின் மேற்பரப்போ பெரும்பாலான மாதங்களில் 27 முதல் 30 டிகிரி வரை இருக்கிறது. எங்கள் ஊரில் வெப்பத்தை யார் வாங்குவார்கள்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். கடலோர அனல்மின் நிலையங்கள் வெளியேற்றும் நீர், கடலைவிட 7 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கக்கூடாது என்கிறது விதி. அதே அளவை வைத்துக்கொண்டால், 100 மெகாவாட் வெப்பத்தை அகற்ற நொடிக்குச் சுமார் 3,500 லிட்டர் கடல்நீர் வேண்டும். ஒரு நாளைக்கு 30 கோடி லிட்டர். 2013இல் திறந்த நெம்மேலி ஆலை ஒரு நாளில் தருவதாகச் சொன்ன குடிநீர் 10 கோடி லிட்டர்.

உறிஞ்சும் குழாயில் தண்ணீர் மட்டுமா போகும்? மீன்முட்டையும் இறால் குஞ்சும் சேர்ந்தே போகும். குழாயில் சிப்பி ஒட்டாமலிருக்கக் குளோரின் விடுவார்கள். எண்ணூரில் இது புதுக்கதையல்ல. அனல்மின் நிலையச் சுடுநீரைக் கொசஸ்தலை ஆறு பல ஆண்டுகளாக வாங்கிக்கொண்டிருக்கிறது. சாம்பல் கழிவும் அங்கேதான். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய்ப் படலமும் அங்கேதான் வந்து சேர்ந்தது.

ஏன் எப்போதும் அங்கேயே? அங்கே வாழ்கிறவர்கள் கணக்கில் இல்லை என்பதால்தான். உழைக்கும் சாதிகளின் மேய்ச்சல் நிலத்தைப் புறம்போக்கு என்று எழுதிய அதே கைதான் கழிமுகத்தைச் 'சும்மா கிடக்கும் தண்ணீர்' என்று எழுதுகிறது. மஹத் சவுதார் குளத்தை 1924இலேயே நகராட்சி தீர்மானம் போட்டு எல்லோருக்கும் திறந்துவிட்டது. ஆனாலும் 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோரோடு போய் அள்ளிக் குடிக்க வேண்டியிருந்தது. ஏட்டில் 'பொது' என்று எழுதிவிட்டால் எல்லோருக்கும் பொதுவாகிவிடாது.

இந்த இடத்தில் என் சொந்தச் சனத்தையும் கேட்டாக வேண்டும். "கடல் எங்களுடையது" என்கிறோமே, அந்த 'எங்கள்' என்பதில் இருளர் உண்டா? கழுத்தளவுச் சேற்றுநீரில் இறங்கி, கையால் தடவி இறால் பிடிப்பவர்கள் அவர்கள். படகு கிடையாது, வலை கிடையாது. படகுக்கும் வலைக்கும் கணக்கிட்டு இழப்பீடு கொடுத்தால் பட்டியலில் அவர்கள் பெயரே வராது. சுடுநீர் முதலில் தொடுவதோ அவர்கள் கைகளைத்தான். பேச்சுவார்த்தைக்கு அழைத்தால் எங்கள் குப்பத்துப் பெரியவர்கள் மட்டும் போய் உட்கார்ந்துவிட்டு வருகிறார்கள். இதுவும் சாதிதான்.

2025 அக்டோபரில் விசாகப்பட்டினத்தில் 1,500 கோடி டாலர் முதலீட்டை கூகுள் அறிவித்தது. தமிழக அரசு 2021இலேயே தரவு மையக் கொள்கையை வெளியிட்டுவிட்டது. கடற்கரையை நோக்கி இவை வரத்தான் போகின்றன. கடல்நீரே கூடாது என்று நான் சொல்லவில்லை. குழாய் போடும் முன் சிலவற்றை முடிவு செய்யுங்கள் என்கிறேன். ஏற்கெனவே அங்கே விழும் சுடுநீரையும் சேர்த்தே ஆய்வு நடக்கட்டும். கழிமுகத்தில் வெளியேற்றுக் குழாய் வேண்டாம். நீரின் சூடு எவ்வளவு என்பதை அன்றன்றைக்குத் தமிழில் ஊருக்குள் எழுதிப் போடுங்கள். மீனவரும் இருளரும், குறிப்பாகப் பெண்கள், 'வேண்டாம்' என்றால் நிறுத்தும் அதிகாரம் அவர்களுக்கு இருக்கட்டும்.

நண்பரிடம் அன்று ஒன்றுதான் சொன்னேன்: "ஒருநாள் எங்க ஊருக்கு வாங்க. கடல் சும்மா கிடக்குதான்னு நீங்களே இறங்கிப் பாருங்க." வருவதாகச் சொல்லியிருக்கிறார். முதலில் இருளர் குடியிருப்புக்குத்தான் அழைத்துப் போகப்போகிறேன். நானும் இதுவரை அங்கே போனதில்லை.