சாய்ந்து நிற்பதேன் சித்திரம்?

படம் மாட்டுவதும் ஒரு பிரச்சினையா என்று கேட்பர் சிலர். நாட்டிலே பேச வேறு பொருள் இல்லையா என்று நகைப்பர் வேறு சிலர். உண்டு, ஆயிரம் உண்டு. ஆனால், ஏன் என்று கேளாமல் செய்யப்படும் எந்தக் காரியமும் பேசுவதற்குரிய பொருளே என்கிறோம் நாம். பழக்கம் பதுங்கி வாழ்வது பெரிய காரியங்களில் மட்டுமல்ல. ஆணியிலும் கயிற்றிலும் கூடத்தான்!

பழைய வீட்டுக் கூடங்களை நினைத்துப் பாருங்கள், தோழர்களே! உத்திரத்தை ஒட்டி வரிசையாகப் படங்கள். பாட்டனார், பாட்டியார், மணக்கோலம், ஊர்ப் பெரியவர், நாட்டுத் தலைவர் - அத்தனை பேரும் அண்ணாந்து பார்க்க வேண்டிய உயரத்தில். அத்தனை படங்களும் தலையை முன்னே நீட்டி, காலைச் சுவரில் ஊன்றி, இதோ கவிழ்ந்து விடுவேன் என்று மிரட்டும் கோலத்தில்! படத்துக்கும் சுவருக்கும் இடையே ஒரு பொந்து. அதிலே குருவிக்குக் கூடு, பல்லிக்குப் பதுங்கிடம், சிலந்திக்கு மாளிகை, தூசிக்குத் தங்குமிடம். படத்தில் இருப்பவர் யார் என்று பேரனுக்குத் தெரியாது. குருவிக்கு வேண்டுமானால் தெரியும்!

ஏன் இந்தச் சாய்வு? "அப்படித்தான் மாட்டுவது வழக்கம்" என்பார் ஆணி அடிப்பவர். "கண்ணாடியில் ஒளி பட்டுக் கண் கூசாதிருக்க" என்பார் விவரம் அறிந்தவர். "உயர்ந்தவர்க்கு உயர்ந்த இடம், அது மரியாதை" என்பார் வீட்டுப் பெரியவர். முதலாவது விடையே அல்ல. மற்ற இரண்டுக்கும் மதிப்பளித்தே மறுமொழி கூறுவோம்.

உயரத்திலே மாட்டிய படத்தை நேராக நிறுத்தினால், கீழிருந்து பார்ப்பவருக்கு உருவம் குறுகித் தெரியும். எதிர்ச் சன்னலின் ஒளி கண்ணாடியில் பட்டுக் கண்ணைப் பறிக்கும். முன்னே சாய்த்தால் அந்தக் குறை ஓரளவு தீரும். உண்மை, மறுக்கவில்லை நாம். ஆனால் நோய் எது? உயரம்! மருந்து எது? சாய்வு! நோயைத் தாமே வரவழைத்துக்கொண்டு மருந்தின் மகிமை பேசுவதா? பாவத்தைக் கற்பித்தவனே பரிகாரத்தையும் விற்ற கதையல்லவா இது! உயரத்தை ஒழியுங்கள், சாய்வுக்கு வேலையே இராது.

உயரம் மரியாதை என்பவர்கள் இலண்டன் மாநகரின் கதையைக் கேட்கட்டும். அங்கே அரச ஓவியக் கழகம் 1768-ல் தோன்றிற்று. 1780-ல் சாமர்செட் மாளிகையில் அதன் கண்காட்சிக் கூடம் திறக்கப்பட்டது. தரையிலிருந்து 8 அடி உயரத்தில் சுவரைச் சுற்றி ஒரு கோடு. அந்தக் கோட்டை ஒட்டி இடம் பெற்ற படமே பேறு பெற்ற படம். அதற்கு மேலே, கூரை வரை, சட்டத்தோடு சட்டம் முட்ட மோதப் படங்கள் - முன்னே சாய்க்கப்பட்ட படங்கள்! கூரையருகே போன படத்தை 'வானுக்கு ஏற்றப்பட்டது' என்பார்கள். வாழ்த்தன்று அது, வசை! இங்கே உயரம் மரியாதை. அங்கே உயரம் ஒதுக்கிவைப்பு. அப்படியானால் உயரத்திலே உள்ளபடி என்ன இருக்கிறது? மனிதன் கற்பித்ததைத் தவிர வேறொன்றும் இல்லை!

அந்தக் கோட்டை எதிர்த்தவர் உண்டு. கெயின்ஸ்பரோ, அக்கழகத்தை நிறுவியவர்களுள் ஒருவர். 1784-ல், மன்னர் மூன்றாம் சார்சின் மூத்த பெண்மக்கள் மூவரைத் தீட்டிய தம் ஓவியத்தைத் தாழ்வாக மாட்ட வேண்டும் என்று கேட்டார். மென்மையாகத் தீட்டிய முகங்கள். அருகே நின்றால்தான் அழகு புலப்படும். விதி இடந்தராது என்றது கழகம். கொடுத்த படங்கள் அத்தனையையும் திரும்பப் பெற்றார் கெயின்ஸ்பரோ. பிறகு அக்கழகக் கண்காட்சிக்குப் படம் அனுப்பவே இல்லை. ஆணி அடிக்கும் இடத்துக்காக ஒரு கலைஞன் அரங்கத்தையே துறந்தான்!

1847-ல் ரஸ்கின், படங்களை ஒரே வரிசையில், கண்ணுக்கு நேரே மாட்டுக என்று 'டைம்ஸ்' ஏட்டில் எழுதினார். 1874-ல் பாரிசில், மோனே, டெகா முதலியோர் தாமே நடத்திய கண்காட்சியில், படங்களைக் கூரை வரை அடுக்காமல் ஓரிரு வரிசையோடு நிறுத்தினர். 1929-ல் நியூயார்க்கில் திறக்கப்பட்ட நவீனக் கலைக்கூடத்தில் ஆல்பிரட் பார், வெளிறிய சுவரில், இடைவெளி விட்டு, கண்மட்டத்தில் மாட்டினார். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து ஏறத்தாழ 5 அடியில் அமைவது இன்று கலைக்கூடங்களில் பெருவழக்கு.

இதை நம் வீட்டில் செய்யப் பெருஞ்செலவு வேண்டுமா? சட்டத்தின் நடுவிலே வளையத்தைத் திருகினால், கயிறு நடுவைத்தான் சுவரோடு இழுக்கும். மேற்பாதி முன்னே சரியும். வளையங்களை மேல்விளிம்பை ஒட்டித் திருகுங்கள். சரிவதற்கு மேற்பாதியே இராது! ஆணி ஒன்றானால் படம் பக்கவாட்டில் ஆடும். ஒரே மட்டத்தில் இரண்டு அடியுங்கள். கீழ் மூலைகளின் பின்புறம் சிறு தக்கைத் துண்டு ஒட்டினால், மழைக்காலச் சுவரின் ஈரம் சட்டத்தைத் தொடாது. காலணாக் காரியம்!

கடினம் ஆணியில் இல்லை, கருத்தில்தான் இருக்கிறது. சாக்ரட்டீஸ் கடைவீதியில் நின்றார்; இளைஞரின் முகம் பார்த்துப் பேசினார்; கேள் என்றார், கேட்டார். அவர் படத்தைப் படிப்பகத்திலே எங்கே வைக்கிறோம்? உத்திரத்தருகே! ஏணி போட்டு மாலை சூட்டுகிறோம். கேள்வி கேட்கக் கற்பித்தவரைக் கேள்வி எட்டாத உயரத்திலே ஏற்றிவிட்டு, கீழே நின்று கும்பிட்டால், அவருக்கும் சாமிக்கும் என்ன வேறுபாடு?

இளைஞர்களே! இறக்குங்கள் படங்களை. துடையுங்கள் தூசியை. சுவரோடு ஒட்டி, கண்ணுக்கு நேரே, பள்ளிச் சிறுவனும் பார்க்கும் இடத்தில் மாட்டுங்கள். யார் இவர், என்ன செய்தார், சொன்னதெல்லாம் சரிதானா என்று அவன் கேட்கட்டும். கும்பிட உயரம் வேண்டும். சிந்திக்க நேருக்கு நேர் நின்றால் போதும்!