ஒரு வெற்றுத் தோலுறையை முன்வைத்து

ஆரப்பாளையத்தில் நம் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி வசிக்கும் நண்பர் ஒருவர், ஆயுத பூஜையன்று தம் பாட்டனாரின் மரப்பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே ஒரு தோலுறை இருந்தது. உள்ளங்கை அளவுதான். சட்டைப்பைக்குள் அடங்கும் சிறிய ரிவால்வர் ஒன்று பல ஆண்டுகள் அதனுள் கிடந்து, தன் வடிவத்தைத் தோலில் பதித்துவிட்டுப் போயிருந்தது. பாட்டனார் மறைந்தபின் உரிமத்தைத் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ள வீட்டில் எவரும் முன்வரவில்லை. துப்பாக்கி காவல் நிலையத்தில் ஒப்படைக்கப்பட்டது. அதை மீட்கப் பிறகு யாரும் போகவில்லை. தோலுறைக்கு மட்டும் ஆண்டுதோறும் சந்தனமும் குங்குமமும் வைத்து வருகிறார்கள்.

"இன்னைக்கு அது இருந்தா என்ன விலை போகும் சார்?" என்று நண்பர் கேட்டார். தமிழ் கற்பிக்கும் நம்மிடம் கேட்கத்தக்க கேள்வியன்று. எனினும் அந்தக் கேள்வி பல நாட்கள் நம்மை விடவில்லை.

பழைய சிறு ரிவால்வர்களின்மீது உலகெங்கும் சேகரிப்பாளர்களுக்கு ஒரு மோகம் உண்டு. பர்மிங்காமின் வெப்லி நிறுவனம் 1872-இல் கொண்டுவந்த 'புல்டாக்' அவ்வகையில் பெயர்பெற்றது. ஐந்து குண்டுகள், கட்டைக் குழல், பைக்குள் மறையும் உருவம். பெல்ஜியத்துப் பட்டறைகள் அதைப் பார்த்துப் போலிகளை ஏராளமாகச் செய்து தள்ளின. சேகரிப்பாளர்கள் தேடுவது அடக்கமான அந்த உருவத்துக்குள் கடிகாரம்போலப் பொருந்தியிருக்கும் வேலைப்பாட்டை. அவர்களது இலக்கணமும் கறாரானது. பாகங்களில் பொறித்த எண்கள் ஒன்றோடொன்று ஒத்திருக்க வேண்டும். ஆலையில் ஏற்றிய பழைய மெருகு அப்படியே இருக்க வேண்டும். ஆர்வக்கோளாறில் புதுமெருகு ஏற்றினால் விலை சரிந்துவிடும். இது நமக்குப் புரியாத நியாயமன்று. ஏட்டுச்சுவடியில் பின்வந்தவர் திருத்திய பாடத்தைவிடச் சிதைந்த மூலபாடத்தைத்தானே பதிப்பாசிரியர் பெரிதென மதிக்கிறார்! ஆகவே சேகரிப்பாளரை ஏளனம் செய்வது நம் நோக்கமில்லை.

ஆனால் ஆயுதம், சுவடி அன்று. இந்த வேறுபாட்டை நம் மரபு வெகுகாலத்துக்கு முன்பே கண்டுகொண்டது. புறநானூற்றின் 95-ஆம் பாட்டை நண்பர்கள் நினைவுகூரலாம். அதியமானின் தூதராகச் சென்ற ஔவையாருக்குத் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டுகிறான். பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசப்பெற்று, காவல் மிக்க மாளிகையில் அவை பளபளக்கின்றன. ஔவையாரோ தம் தலைவனின் வேல்களைப் பற்றிச் சொல்கிறார்: அவை பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லனின் சிறிய உலைக்களத்தில் கிடக்கின்றன. புகழ்வதுபோல் பழித்த பாட்டு என்றே வகுப்பில் நடத்தி வருகிறோம். சேகரிப்பாளரின் கண்ணாடிப் பேழையோடு சேர்த்துப் படித்தால் அதில் இன்னொரு கேள்வியும் எழுகிறது. பயன்படாத ஆயுதம் வெறும் அலங்காரம் என்றால், பயன்பட்ட ஆயுதம் என்ன?

இதற்கு ஏலக்கூடங்கள் தரும் விடை துலக்கமானது. பிரெஞ்சுக் கவிஞர் பால் வெர்லேன் 1873 ஜூலை 10-ஆம் நாள் காலை பிரஸ்ஸல்ஸில் ஒரு சிறிய லெஃபோஷே ரிவால்வரை வாங்கினார். அன்றே தம் இளம் நண்பர் ஆர்தர் ரேம்போவைச் சுட்டார். குண்டு மணிக்கட்டில் பாய்ந்தது. வெர்லேன் சிறைக்குப் போனார். எளிதில் கிடைத்த, சாதாரணமான அந்தத் துப்பாக்கி 2016 நவம்பரில் பாரிஸ் ஏலத்தில் 4,34,500 யூரோவுக்குப் போயிற்று. ஓவியர் வான்கா தம்மைச் சுட்டுக்கொண்டதாகக் கருதப்படும் சிறு ரிவால்வர் ஒரு வயலில் துருவேறிக் கிடைத்தது. அதுதான் இது என்று ஐயமற நிறுவ இயலாத நிலையிலும் 2019 ஜூனில் 1,62,500 யூரோவுக்கு விற்கப்பட்டது. மெருகும் இல்லை, ஒத்த எண்களும் இல்லை. அங்கே விலைபோனது இரும்பு அல்ல. ஒரு மனிதனின் காயம்.

இன்னும் கூசவைக்கும் செய்தி ஒன்றும் உண்டு. 1881-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்ஃபீல்டைச் சுட்ட கிட்டோ, புல்டாக் வகைத் துப்பாக்கி வாங்கப் போனபோது, தந்தப் பிடி உள்ளதுதான் பின்னாளில் அருங்காட்சியகத்தில் அழகாக இருக்கும் என்று எண்ணினானாம். கொல்லப் போகிறவனே சேகரிப்பாளனின் கண்ணால் பார்க்கிறான்! அத்துப்பாக்கி ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்குப் போய், பின் அங்கிருந்து காணாமல் போய்விட்டது.

நம் மண்ணுக்கு வருவோம். பாளையம் என்றாலே படை தங்கும் இடம்தான். மதுரையைச் சூழ்ந்த இச்சமவெளி முழுதும் ஆயுதத்தோடு பழகிய நிலம். 1801-இல் பாளையக்காரர் எழுச்சி ஒடுக்கப்பட்டபின், அவ்வாண்டு டிசம்பர் முதல் நாள் வந்த கும்பினிப் பிரகடனம் வேல் முதல் துப்பாக்கி வரை யாவற்றையும் ஒப்படைக்கச் சொன்னது. தஞ்சை அரண்மனைப் படைக்கலங்களுள் சிறு பகுதியே எழும்பூர் அருங்காட்சியகத்தை அடைந்தது. பெரும்பகுதி உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாய் விற்கப்பட்டது. 1878-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இந்தியரை உரிமத்துக்குக் காத்திருக்க வைத்து, ஐரோப்பியருக்கு விலக்களித்தது. அதன்பின் நம் ஊரில் ஒருவர் சட்டப்படி சிறு ரிவால்வர் வைத்திருந்தார் என்றால், அவர் ஆட்சியாளரின் நம்பிக்கைக்கு உரியவர் என்று பொருள். நண்பர் வீட்டுத் தோலுறையைப் போன்ற ஒன்றில் இத்தனை வரலாறும் மடிந்து கிடக்கிறது.

இன்றைய சட்டமோ சேகரிப்பை ஒரு பொழுதுபோக்காக வளரவிடாதது. 1959-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு 2019-இல் வந்த திருத்தம், ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. பழுது பார்த்தும் சுட இயலாத தொன்மையான ஆயுதங்களுக்கு மட்டும் சட்டம் விலக்களிக்கிறது. இக்கட்டுப்பாட்டுக்காக நாம் வருந்தவில்லை. வீட்டுக்கு வீடு துப்பாக்கி இருக்கும் நாடு எப்படி இருக்கும் என்பதை அமெரிக்காவிலிருந்து வரும் செய்திகள் காட்டிக்கொண்டே இருக்கின்றன.

நம் கவலை வேறு. மீட்க ஆளில்லாத துப்பாக்கி அரசுடைமையாகும்போது அதன் கதையும் சேர்ந்து மறைகிறது. பழமையானது எனக் கண்டால், அழிக்குமுன் அறிந்தவர் ஒருவர் அதைப் பார்க்க வேண்டும். சுட இயலாதபடி செய்து, உரிமப் பதிவேட்டின் நகலோடு அருங்காட்சியகத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே வைக்கும் குறிப்பில் செய்த நிறுவனத்தின் பெயருக்கு முன், அதை வைத்திருந்தவர் யார், எதற்காக, அதனால் அடிபட்டவர் யார் என்பவை இடம்பெற வேண்டும். தனியார் பெட்டகத்தில் விலையாகவும், உலையில் இரும்பாகவும் முடிவதைவிட அது மேலானது.

இதற்கு முன்மாதிரி தேடி வெகுதொலைவு போக வேண்டியதில்லை. தமுக்கத்தில், 1959-இல் நேரு திறந்துவைத்த காந்தி அருங்காட்சியகத்தில் இருப்பது, 1948 ஜனவரி 30 அன்று அண்ணல் உடுத்தியிருந்த, குருதிக் கறை படிந்த ஆடை. 1921 செப்டம்பரில் அவர் அரையாடைக்கு மாறிய ஊரும் இதுதான். பள்ளிப் பிள்ளைகள் அந்தப் பேழைமுன் வந்ததும் தாமாகவே பேச்சை நிறுத்திவிடுவதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். சுட்டது எந்த நாட்டுத் துப்பாக்கி என்று அங்கே எவரும் கேட்பதில்லை. ஆயுதத்தை நினைவில் வைப்பதற்கும் காயத்தை நினைவில் வைப்பதற்கும் உள்ள தூரம் அங்கே விளங்கும்.

நண்பருக்கு நாம் விலை சொல்லவில்லை. பாட்டனாருக்கு அது எப்படிக் கிடைத்தது, எப்போதாவது அதைச் சுட்டாரா என்று கேட்டோம். பஞ்சு வணிகர், பணப்பையோடு கிராமங்களுக்குப் போய்வந்தவர் என்பதற்குமேல் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. தொண்ணூறைக் கடந்த அத்தை ஒருவர் சோழவந்தானில் இருக்கிறாராம். அவரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி, அந்தத் தோலுறைக்குள் வைக்கச் சொல்லியிருக்கிறோம்.