ஓங்கிய கை

"கடைக்காரன் அநியாயம் பண்ணினால் அந்தக் கடைக்குப் போகாமல் இருந்துவிடலாம். ஒரு சர்க்காரே அநியாயம் பண்ணினால்?" என்று கேட்டாள் எதிர் வீட்டு மாமி. மதத்துக்காக ஜனங்களை வதைக்கும் தேசங்களுக்கு அமெரிக்கா வியாபாரத் தடை போடுகிறதே, அதனால் அங்கே அகப்பட்டுக் கொண்டவளுக்கு என்ன பிரயோஜனம் என்பது மாமியின் சந்தேகம்.

எனக்குப் பழைய விஷயம் ஒன்று ஞாபகம் வந்தது.

சோவியத் ரஷ்யாவில் யூதர்கள் ஹீப்ரு சொல்லிக் கொடுத்தாலே வம்பு. தேசத்தை விட்டுப் போகலாம் என்றாலோ அனுமதி கிடைப்பது குதிரைக் கொம்பு. 1972 ஆகஸ்டில் புதிதாக ஓர் உத்தரவு: போகிறவர்கள் தாங்கள் படித்த படிப்புக்குப் பணம் கட்ட வேண்டும். டாக்டருக்கும் இன்ஜினீயருக்கும் அது பல வருஷச் சம்பளம்! பெண்ணைப் புக்ககத்துக்கு அனுப்பும்போது, வளர்த்த செலவுக்குப் பில் நீட்டின மாதிரி.

அமெரிக்காவில் செனட்டர் ஜாக்ஸனும், கீழ்ச்சபை அங்கத்தினர் வானிக்கும் கிளம்பினார்கள். ஜனங்களை வெளியே விடாத தேசத்துக்கு வியாபாரச் சலுகை கிடையாது என்றார்கள். அது சட்டமாகவில்லை, பேச்சுத்தான். ஆனாலும் 1973 வசந்த காலத்துக்குள் மாஸ்கோ படிப்பு வரி வசூலை நிறுத்திவிட்டது. அந்த வருஷம் சுமார் 35,000 யூதர்கள் வெளியேறினார்கள்.

ஓங்கிய கைக்கு அத்தனை மரியாதை! 1975 ஜனவரி 3-ம் தேதி ஜனாதிபதி ஃபோர்டு கையெழுத்துப் போட்டுச் சட்டமாக்கினார். போதாக்குறைக்குக் கடனுக்கும் 30 கோடி டாலர் என்று வரம்பு கட்டியிருந்தார்கள். மாஸ்கோவுக்கு ரோஷம் வந்துவிட்டது. வியாபார ஒப்பந்தமே வேண்டாம் என்றது. அந்த வருஷம் வெளியேறியவர்கள் சுமார் 13,000 பேர். சட்டத்தை மட்டும் குற்றம் சொல்லவும் மனம் வரவில்லை. அதே சட்டம் இருக்கும்போதே, உறவு சற்று இளகிய 1979-ல் 51,000 பேர் போனார்கள். உறவு கசந்து, 1986-ல் ஆயிரம் பேர்கூட இல்லை.

ஐடா நூடல் என்ற மாஸ்கோ பெண்மணி 1971-ல் மனுப் போட்டவள். கூடப் பிறந்தவள் இஸ்ரேலுக்குப் போய்விட்டாள். இவளுக்கு அனுமதி இல்லை. 1978-ல் பால்கனியில், 'கே.ஜி.பி.யே, எனக்கு விசா கொடு' என்று எழுதித் தொங்கவிட்டாள். கிடைத்தது விசா அல்ல; நாலு வருஷம் சைபீரியா. 1987 அக்டோபரில்தான் விட்டார்கள்.

சோவியத் 1991-ல் மறைந்த பிறகும், ரஷ்யாவின் மேல் அந்தச் சட்டம் 2012 டிசம்பர் வரை இருந்தது என்றும் சொன்னேன். மாமி அதைக் காதில் வாங்கவேயில்லை.

"பதினாறு வருஷமா! அப்புறம் அக்கா தங்கை பார்த்துக்கொண்டார்களா?"

பார்த்துக்கொண்டார்கள், மாமி. இஸ்ரேல் விமான நிலையத்தில்.