‘வேற லெவல்’னு சொன்னா போதுமா? கேம் டெமோவின் முதல் ஒரு மணி நேரம்

புதிதாக ஒரு ரோல்-பிளேயிங் கேமின் டெமோ வந்தால், நண்பர்கள் வட்டாரத்தில் பெரும்பாலும் இரண்டே தீர்ப்புதான். ஒன்று ‘வேற லெவல்’, இல்லையென்றால் ‘மொக்கை’. இந்த இரண்டாலும் விளையாடுபவருக்கும் பயனில்லை, கேமை உருவாக்கியவருக்கும் பயனில்லை.

டெமோவில் எதைப் பார்க்க வேண்டும்?

ரோல்-பிளேயிங் கேம் என்பது ஒரு கதாபாத்திரமாகவே மாறி, திறமைகளை வளர்த்து, முடிவுகளை எடுத்து நகர்வது. முழுக் கதை 40, 50 மணி நேரம்கூட ஓடும். டெமோவில் கிடைப்பது ஒன்றிரண்டு மணி நேரம்தான். கிராஃபிக்ஸ் எப்படி என்பது ஐந்தே நிமிடத்தில் தெரிந்துவிடும். அதற்கு மேல் கவனிக்க வேண்டியவை வேறு. எடுத்த முடிவால் ஏதாவது மாறுகிறதா, அல்லது எந்தப் பதிலைச் சொன்னாலும் கதை ஒரே பாதையில்தான் போகிறதா? ஐந்தாவது சண்டையிலேயே சலிப்பு தட்டுகிறதா? எழுத்துகள் கண்ணை உறுத்தாமல் படிக்க முடிகிறதா?

குறை சொன்னதால் மாறிய கேம்

‘ஆக்டோபாத் டிராவலர்’ இதற்கு நல்ல உதாரணம். ஜப்பானின் ஸ்கொயர் எனிக்ஸ் நிறுவனம் 2017 செப்டம்பரில் இதன் டெமோவை வெளியிட்டு, கூடவே விளையாடியவர்களிடம் கருத்தும் கேட்டது. சுமார் 45,000 பதில்கள் குவிந்தன. அதன் பிறகு வேகமாக ஓடும் வசதி, ஊர் விட்டு ஊர் சட்டெனத் தாவும் வசதி, காட்சிகளைத் தாண்டிச் செல்லும் வசதி எல்லாம் சேர்ந்தன. 2018 ஜூனில் மூன்று மணி நேரத்துக்கு இன்னொரு டெமோ வந்தது. அதில் விளையாடியதை அப்படியே முழு கேமில் தொடரவும் முடிந்தது. வெறும் ‘செம’ என்ற பாராட்டிலிருந்து இத்தனை திருத்தங்கள் பிறந்திருக்காது.

‘நம்ம ஊர் கேம்’ என்றால்?

இங்கேதான் சிக்கல். சோழர் என்றதும், பெரிய கோயில் என்றதும் பலர் விளையாடிப் பார்க்கும் முன்பே கைதட்டிவிடுகிறார்கள். 2022-ல் ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ கேமில் ராஜேந்திர சோழன் கதை வந்தபோது பெருமைப்பட நியாயமான காரணம் இருந்தது. ஆனால், அது படை நடத்தும் கேம். டெல்டாவின் ஒரு தெருவில் ஒரு மனிதராக நடந்து பார்க்கும் அனுபவம் வேறு.

பாபநாசத்தையே எடுத்துக்கொள்ளலாம். கமல்ஹாசன் படத்தில் வரும் திருநெல்வேலி பாபநாசம் இல்லை, தஞ்சாவூர் மாவட்டத்து பாபநாசம். இங்கே திருப்பாலைத்துறை கோயிலில் நாயக்கர் காலத்து நெற்களஞ்சியம் ஒன்று இன்றும் நிற்கிறது. சுமார் 36 அடி உயரம், 3,000 கலம் நெல் கொள்ளும். ஆறு பொய்த்த ஒரு வருடம், அந்தக் களஞ்சியத்தின் சாவி விளையாடுபவர் கையில் இருந்தால்? ஊருக்குப் பகிர்ந்து கொடுப்பதா, விதைநெல்லாகக் காப்பதா? வாள் எடுக்காமலேயே ஒரு நல்ல ரோல்-பிளேயிங் கேமுக்குத் தேவையான இக்கட்டு இதில் இருக்கிறது.

அப்படி ஒரு டெமோ வந்து, அதில் சித்திரை வெயிலிலும் வயலெல்லாம் பச்சை நெல்லாக அசைந்தால், தவறைப் பிடிக்க டெல்டாக்காரரால்தான் முடியும். மேட்டூர் அணையே 1934-ல்தான் வந்தது. அதற்கு முந்தைய காலத்துக் கதையில் கோடையில் அந்தப் பச்சை எங்கிருந்து வரும்? ‘நம்ம ஊர் கேம் ஆச்சே’ என்று விட்டுவிட்டால், முழு கேமிலும் அதே தவறுதான் வரும்.

நுணுக்கத்துக்கு மதிப்பு உண்டு என்பதற்கு ‘வெண்பா’ சாட்சி. கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் சமையலறைக் கதை அது, ரோல்-பிளேயிங் கேம்கூட இல்லை. இட்லியும் புட்டும் செய்யும் முறையைத் துல்லியமாகக் காட்டிய அந்தச் சிறிய கேம், 2024-ல் சிறந்த அறிமுக கேமுக்கான பாஃப்டா விருதை வென்றது.

எனவே அடுத்த டெமோவை முடித்ததும், கருத்துக் கேட்கும் படிவத்தை மூடிவிட வேண்டாம். எங்கே சலித்தது, எங்கே குழம்பியது, எந்த விவரம் தவறு என்று மூன்று வரி எழுதலாம். கேம் முழுதாக விற்பனைக்கு வந்த பிறகு சொல்வதைவிட, திருத்த நேரம் இருக்கும்போதே சொல்வதுதான் உண்மையான ஆதரவு.