நாலேகால் மணிப் பூனை

வைகறையில் துயிலெழுதல் மாணவர்க்கு நன்று என்று இருபது ஆண்டுகளாக வகுப்பறையில் உபதேசித்து வந்திருக்கின்றோம். அவ்வுபதேசம் ஒருநாள் எம்மேலேயே திரும்பி வந்து விழும் என்று கனவிலும் கருதியதில்லை. சென்ற எட்டு மாதங்களாக, நாள்தோறும் காலை நாலேகால் மணிக்கு எம்மை எழுப்புதற்கென்றே ஒருவர் எமது இல்லத்தில் வாழ்ந்து வந்தார். அவருக்குக் கால்கள் நான்கு, மீசை உண்டு, பெயர் எஞ்சின்.

பெயர்க் காரணம் கூறிவிடுகின்றோம். கடுகண்ணாவையில் வாழ்வோர்க்குப் புகையிரதம் உறவினர் போன்றது. 1867 ஆம் ஆண்டில் கண்டி வரை பாதை திறக்கப்பட்ட நாள்முதல், ரம்புக்கனையிலிருந்து மலையேறி வரும் வண்டிகள் எமது ஊருக்கு வந்துதான் மூச்சு விடுகின்றன. 2014 ஆம் ஆண்டின் இறுதியில் இங்கே தேசிய புகையிரத அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது. அதனருகே ஒரு மழைநாளில் நனைந்து நடுங்கிக் கிடந்த குட்டியை எமது மகள் தன் புத்தகப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். துவாயால் துடைத்து மடியில் வைத்ததும் அச்சிற்றுயிர் எழுப்பிய குறுகுறு ஒலி, ஏற்றத்தில் ஏறும் வண்டியின் ஒலியை ஒத்திருந்ததாம். அன்றே பெயர்சூட்டு விழா நிறைவேறிற்று.

எஞ்சினின் காலைக் கடமைகள் ஓர் ஒழுங்குடையன. முதலில் அறைக் கதவைப் பிறாண்டல். கதவு திறந்திருப்பின் நேரே எமது மார்பின்மீது ஏறி அமர்தல். அதற்கும் அசையாதவிடத்து, மேசைமேலிருக்கும் எமது மூக்குக்கண்ணாடியை மெல்ல மெல்ல விளிம்புக்குத் தள்ளி, எம்மை ஒருமுறை நோக்கிவிட்டு, கீழே வீழ்த்துதல். இரண்டு கண்ணாடிகள் இவ்வாறு உயிர்நீத்தன. தை மாதத்துப் பனிப்புகாரில், போர்வையை விட்டு எழுவதே தவமாகும் இம்மலையூரில், நாலேகால் மணி என்பது என்ன வேளை என்பதை இங்கு வாழ்ந்தவரே அறிவர்.

விளைவு என்னாயிற்று? மகள் இவ்வாண்டு உயர்தரப் பரீட்சை எழுதவிருப்பவள். நள்ளிரவு வரை படித்துவிட்டுப் படுப்பவளுக்கு நான்கு மணி நேரத் துயிலும் இல்லாது போயிற்று. எமது நிலையோ அதனினும் இழிந்தது. ஒருநாள் பரீட்சை மண்டபத்தில் மேற்பார்வை செய்துகொண்டிருக்கையில் நாமே கண்ணயர்ந்து விட்டோம். முன் வாங்கிலிருந்த மாணவன் ஒருவன் பரிவோடு இருமி எழுப்பினான். அவன் புள்ளிகள் பற்றி ஈண்டு ஒன்றும் கூறமாட்டோம்.

அன்று மாலை குடும்ப சபை கூடிற்று. “இஞ்சாருங்கோ, இனி என்னால் ஏலாது. ஒன்றில் அது இருக்க வேண்டும், அல்லது நான் நித்திரை கொள்ள வேண்டும்” என்று துணைவியார் தீர்ப்பளித்தார். அண்டை வீட்டு அன்பர் ஒருவர் வழியும் கூறினார். சாக்கினுள் இட்டுக் கட்டி, கணவாயில் பாறை குடைந்த வழிக்கு அப்பால், மாவனல்லைப் பக்கமாகக் கொண்டுபோய் விட்டுவிட வேண்டியதுதானாம். கடைத்தெருவில் மீன் தலைகளுக்குக் குறைவில்லையாம். மகள் ஒன்றும் பேசாது எழுந்து அறைக்குட் சென்று கதவைச் சாத்திக்கொண்டாள். மூலையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த எமது அன்னையாரும் ஒன்றும் பேசவில்லை. அந்த உரலின் ஒலி மட்டும் சற்றே நின்று மீண்டும் எழுந்தது.

சாக்குமுறை எமது நாட்டில் அரிதன்று. கோயில் வாயில்களிலும் விகாரைப் படிகளிலும் சந்தைக் கோடியிலும் நாள்தோறும் காண்கின்றோம். கொன்றோமில்லை என்று கொண்டுபோய் விட்டவர் மனந்தேறுகின்றார். ஆனால் வீட்டில் வளர்ந்த பூனை, தான் அறியாத தெருவில் நாய்களுக்கும் வண்டிச் சக்கரங்களுக்கும் இடையே எத்தனை நாள் பிழைக்கும்? கைநனையாக் கொலை என்றே அதனை நாம் கருதுகின்றோம். அண்டை வீட்டு அன்பர் பொறுத்தருள்க.

துயில் கலைந்த கோபம் தமிழுக்குப் புதிதன்று. குறுந்தொகையின் 107 ஆம் பாடலில், கணவனோடு இனிதே துயின்றிருந்த ஒருத்தி, விடிந்துவிட்டதென்று கூவி எழுப்பிய சேவலைச் சபிக்கின்றாள். நள்ளிரவில் வீட்டெலியைத் தேடித் திரியும் வெருகுக்கு இரையாகித் துன்புறுவாயாக என்பது அவள் இட்ட சாபம். எழுப்பியவனைப் பூனையிடம் ஒப்படைத்துவிட்டாள். எழுப்பியவனே பூனையாயின் யாரிடம் ஒப்படைப்பது என்பதற்கு அப்பாட்டில் வழி இல்லை. ஆகவே நூலகத்தை நாடினோம்.

வீட்டுப்பூனையின் மூதாதை ஆபிரிக்காவிலும் மேற்காசியாவிலும் வாழும் காட்டுப்பூனை. சைப்பிரஸ் தீவில் ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட மனிதப் புதைகுழி ஒன்றினருகே பூனையொன்றும் அடக்கம் செய்யப்பட்டிருந்ததை 2004 ஆம் ஆண்டில் ஆய்வாளர் வெளியிட்டனர். அத்துணை நீண்ட உறவிருந்தும் அதன் பழக்கம் மாறியதில்லை. அது முழு இரவுக்கும் உரியதன்று, பகலுக்கும் உரியதன்று. அந்தியும் வைகறையுமே அதன் வேட்டைப் பொழுதுகள். எலியும் சிறு பறவையும் நடமாடும் வேளை அதுவே. குளிர்நாடுகளில் கோடையில் மிக முந்தியும் மாரியில் மிகப் பிந்தியும் விடியும். நில நடுக்கோட்டை அண்டிய எமது நாட்டிலோ ஆண்டு முழுவதும் ஆறு மணியை ஒட்டியே ஞாயிறு எழுகின்றது. கூடியது அரை மணி நேர வேறுபாடு. ஆதலின் எமது பூனைகளுக்குக் கடிகாரம் பிசகுவதில்லை.

ஆனால் வைகறையில் விழிப்பது இயற்கையாயின், எம்மை எழுப்புவதும் இயற்கையோ? அன்று. அது கற்றுக்கொண்ட பாடம். கற்பித்த ஆசிரியர் யாரென்று எண்ணிப் பார்த்தபோது வெட்கமாயிருந்தது. 1898 ஆம் ஆண்டில் தோண்டைக் என்னும் அமெரிக்க உளவியலார் பசித்த பூனைகளைக் கூட்டினுள் அடைத்து, வெளியே உணவை வைத்தார். தற்செயலாக ஒரு பூனை தாழைத் தட்டித் திறந்தது. அடுத்தடுத்த முறைகளில் வீண் முயற்சிகள் குறைந்து, அது விரைவிலேயே திறக்கக் கற்றது. இன்பம் பயந்த செயல் மீண்டும் நிகழும் என்னும் விதியை ஆசிரியர் பயிற்சியில் மனனஞ் செய்து புள்ளியும் பெற்றவர் நாம். எட்டு மாதங்களுக்கு முன் முதன்முறை எஞ்சின் நாலேகாலுக்குக் கத்தியபோது, வாயை அடைப்பதற்காக எழுந்து ஒரு கிண்ணம் பால் வார்த்தவரும் நாமே. கம்பர் அவையடக்கத்திற் கூறிய பூனைக்குப் பாற்கடல் முழுவதும் வேண்டியிருந்தது. எஞ்சினுக்கு ஒரு கிண்ணம் போதும். (வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிப்பதில்லை என்பதையும் பின்னரே அறிந்தோம்.)

அதன் குரலிலும் ஒரு சூழ்ச்சி உண்டு. சசெக்ஸ் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2009 ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையொன்றில், உணவு வேண்டும்போது பூனைகள் எழுப்பும் குறுகுறுப்பினுள் குழந்தை அழுகையை ஒத்த உயர்ந்த ஒலியொன்று கலந்திருப்பதைக் காட்டியுள்ளனர். பூனை வளர்த்தறியாதவர்க்கும் அது அவசர ஒலியாகவே கேட்கிறதாம். பிள்ளை பெற்றவர் எழாமல் என் செய்வர்?

முதற் காரியமாகப் பேராதனைக்குக் கொண்டு சென்றோம். பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவ பீடத்தைச் சார்ந்த போதனா மருத்துவமனை எமக்கு அணித்தே உள்ளது. முதிய பூனை திடீரென இரவிற் கத்தத் தொடங்கின் தைரொயிட் மிகை, சிறுநீரக நோய், இரத்த அழுத்தம், செவிப்புலன் குறைவு ஆகியவை காரணமாகலாம். கருத்தடை செய்யாத பூனையாயின் துணை தேடிக் கத்தலாம். எஞ்சினுக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. பழக்கமே நோய்.

அதற்குரிய மருந்து எளிது, உட்கொள்வதுதான் கடினம். இரவு படுக்கைக்கு முன் கயிற்றையோ காகித உருண்டையையோ இழுத்து ஓடவிட்டு வேட்டையாட வைத்து, அது களைத்த பின்னர் அன்றைய பெருவுணவை இடல் வேண்டும். வேட்டை, உணவு, உடல் நக்கல், உறக்கம் என்பதே அதன் இயற்கை வரிசை. காலை உணவை நாம் எழுந்தவுடன் இடாமல் அரை மணி நேரமாவது கடத்தி இடல் வேண்டும். நாம் எழுதலுக்கும் உணவுக்கும் உள்ள முடிச்சு அவ்வாறுதான் அவிழும். கத்தும்போது பேசலாகாது, திட்டலாகாது, தண்ணீர் தெளித்தலும் அடித்தலும் அறவே ஆகாது. அடித்தால் அது அஞ்சக் கற்பது எம்மையே, நேரத்தையன்று. முதற் சில நாட்களில் கத்தல் குறையாது, பெருகும். அப்போது மனமிரங்கி ஒருநாள் உணவிட்டால், இத்தனை நேரம் கத்தினாற் கிடைக்கும் என்ற புதிய பாடத்தைக் கற்பித்தவராவோம். எப்போதாவது கிடைக்கும் பரிசே பழக்கத்தை இறுக்குவது; சீட்டிழுப்புக் கடைகளை நடத்துவோர் இதனை நன்கறிவர்.

மூன்று வாரம் விரதம் காத்தோம். முதல் வாரம் வீடே அழுதது. இரண்டாம் வாரத்தில் ஒரு புதுமை கண்டோம். நாலேகாலுக்குக் கத்தல் எழும். இரண்டு நிமிடங்களில் அடங்கிவிடும். மருந்து பலிக்கின்றதென்று துணைவியாரிடம் விதியையும் விளக்கிப் பெருமை பேசினோம். மூன்றாம் வாரத்திலும் அதே இரண்டு நிமிடம். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஐயம் பிறந்தது. மறுநாள் காலணியின்றி எழுந்து சென்று பார்த்தோம்.

அடுக்களையில் மங்கலான விளக்கு. அன்னையார் பலகையில் அமர்ந்து, நெத்தலியைத் தலை கிள்ளி ஒவ்வொன்றாக நீட்டிக்கொண்டிருந்தார். எஞ்சின் முன்னங்கால்களைக் கூட்டிவைத்து, குருகுலத்துச் சீடன் போல அமர்ந்திருந்தது.

“அம்மா!” என்றோம். அதற்குமேற் சொல் எழவில்லை.

அவர் திடுக்கிடவில்லை. “கத்தாதை தம்பி, பிள்ளை படுக்கட்டும்” என்றார். பிறகு நெத்தலியைப் பார்த்துக்கொண்டே கூறினார்: “எனக்கு மூன்று மணிக்கே நித்திரை போய்விடும். நீங்கள் எழும்ப ஆறு மணி ஆகும். யாழ்ப்பாணத்திலை எண்டால் அந்நேரம் முற்றம் கூட்டலாம், ஆட்டுக்குக் குழை போடலாம். இங்கை எனக்கு என்ன அலுவல்? இது வந்து கூப்பிட்டால், எழும்ப ஒரு காரணம் இருக்குது.”

தந்தையார் மறைந்தபின் அன்னையாரை இங்கு அழைத்து வந்து நான்கு ஆண்டுகளாகின்றன. குளிருக்குக் கம்பளி வாங்கினோம்; மாதந்தோறும் மருந்து வாங்கினோம். மூன்று மணிக்கும் ஆறு மணிக்கும் இடையில் அவர் என்ன செய்கின்றார் என்று ஒருநாளும் கேட்டதில்லை. முதுமையில் துயில் முந்தி வருவதும் முந்திக் கலைவதும் இயல்பென்று நூல்களிற் படித்திருந்தும், கேட்டதில்லை.

அன்று ஏற்பாடு மாறிற்று. எஞ்சினின் கிண்ணமும் படுக்கையும் அன்னையாரின் அறைக்கு இடம்பெயர்ந்தன. எமது அறைக்கும் மகளின் அறைக்கும் இரவில் கதவு சாத்தப்படும். உணவு வேளையை வாரத்துக்குப் பத்து நிமிடமாகப் பின்தள்ளி ஐந்து மணிக்குக் கொண்டுசெல்லலாமே என்று நூன்முறைப்படி யோசனை கூறினோம். “உம்முடைய பள்ளிக்கூடத்திலை அதைச் செய்யும்” என்று விடை கிடைத்தது. நெத்தலியின் உப்பைக் கழுவிக் கொடுப்பதற்கு மட்டும் இணங்கியிருக்கின்றார்.

நேற்று நாலேகாலுக்கு நாமே விழித்துக்கொண்டோம். எட்டு மாதப் பழக்கம் எம்மையும் விடவில்லை. கதவைப் பிறாண்டுவார் இல்லை. மூக்குக்கண்ணாடி வைத்த இடத்திலேயே இருந்தது. அப்பாலறையில் அன்னையார், கிணற்றடி மாமரத்தை யார் தறித்தார்கள், ஏன் தறித்தார்கள் என்ற பழைய வழக்கொன்றைத் தாழ்ந்த குரலில் எவருக்கோ விரிவாக எடுத்துரைத்துக்கொண்டிருந்தார்.